வேகமாகப் படிக்கும் பிள்ளை, சாதாரண வகுப்பு: ஆறு வழிகளும் அவற்றின் விலையும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ் வழி வகுப்புகளில், இந்தக் கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. பெற்றோர் கேட்பது: "டீச்சர், நீங்கள் நடத்துவதற்கு முன்பே இவனுக்குப் பாடம் தெரிந்துவிடுகிறது. ஒரு வகுப்பு தாண்டிப் போடலாமா? இல்லை, பொள்ளாச்சிப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?" புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியர்கள் கேட்பது: "பத்து நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனைச் சீண்டுகிறான். மீதி அரை மணி நேரம் அவனை என்ன செய்வது?"

நம் கையில் இருக்கும் வழிகள் ஆறு. எல்லாமே ஏதோ ஒரு பள்ளியில் நடந்துகொண்டிருப்பவைதான். எந்த வழியும் எல்லாப் பிள்ளைக்கும் சரியாக வராது, எதுவும் இலவசமும் இல்லை.

முதலில், எந்தப் பிள்ளை?

அரசு ஆவணங்களில் 'மீத்திறன் மாணவர்' என்று எழுதுகிறோம். ஸ்டாஃப் ரூமில் அந்தச் சொல் பெரும்பாலும் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைகளில் பலர் சொன்னதைச் சொன்னபடி செய்து, ஒழுங்காக உழைத்து, வகுப்பின் வேகத்திலேயே நிம்மதியாக இருப்பவர்கள். அவர்களை அப்படியே விட்டுவிடலாம். இந்தக் கட்டுரை பேசுவது, ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டு அடுத்த ஏழு பீரியட் சும்மா இருக்கும் பிள்ளையைப் பற்றி. அந்தப் பிள்ளையின் மதிப்பெண் சில சமயம் சுமாராகவும் இருக்கும். சலித்துப்போய் விடைத்தாளைப் பாதியில் மடித்துக் கொடுத்துவிடும்.

சோதனை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-இல் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து, ஆயுள் முழுக்கப் பின்தொடரத் தொடங்கினார். சோதனையில் தேறாமல் வெளியே நின்றவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரெசும். 1956-இலும் 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு அந்த இருவருக்கும் போனது. அவர்களாவது சொந்த மொழியில் சோதனை எழுதியவர்கள். நம் பிள்ளைகள் மலையாளத்தில் அச்சான தாளை எழுத்துக் கூட்டி வாசித்து, மனதுக்குள் தமிழாக்கி, பிறகு விடை யோசிக்கிறார்கள். அந்தத் தாளை வைத்து யார் வேகம், யார் மந்தம் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

எதை வைத்து எடை போடுவது

மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது ஒன்று. நாளில் ஒருமுறையாவது 'இது தெரியவில்லையே' என்று உட்காரும்படியான வேலை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறதா? ஏழாம் வகுப்பு வரை எதிலும் தடுக்கி விழாத பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு இயற்கணிதம் முதல் முறையாகத் தடுக்கும். தடுக்கினால் எப்படி எழுவது என்ற பழக்கமே அதற்கு இருக்காது. 'எனக்குக் கணக்கு வராது' என்று ஒரே மாதத்தில் முடிவு கட்டிவிடும். மற்றப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்ட பொறுமையை இந்தப் பிள்ளை பதின்மூன்று வயதில் கற்க வேண்டி வரும்.

அடுத்தது ஆசிரியரின் நேரம். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்பில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. தமிழ் டிவிஷன்கள் (தமிழ் வழி வகுப்புப் பிரிவுகள்) பலவற்றில் முப்பது பேர் இருப்பதே இல்லை. அதனால் வேலை குறைவு என்று வெளியில் நினைக்கிறார்கள். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்பைக் கவனிப்பதும், பாடப்புத்தகம் தமிழில் வந்து சேரும்வரை மலையாளப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆசிரியர் ஒரு வாரம் விடுப்பில் போனால் நின்றுவிடும் ஏற்பாட்டை ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

பிறகு மொழி. எடுக்கும் முடிவால் பிள்ளையின் தமிழ் என்ன ஆகும்? அடுத்து, சம வயதுத் தோழமை. கடைசியாக, தவறு என்று தெரிந்தால் திரும்பி வர முடியுமா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பெற்றோர் கேட்பதே இல்லை, டி.சி. வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

| வழி | தினமும் சவால் | ஆசிரியரின் நேரம் | தமிழ் | திரும்பி வருவது |
|---|---|---|---|---|
| குட்டி ஆசிரியராக்குவது | அநேகமாக இல்லை | மிச்சமாகும் | பாதிப்பில்லை | எளிது |
| பாடத்தைச் சுருக்கி ஆழமான வேலை | உண்டு | அதிகம் | வளரும் | எளிது |
| ஒரு பாடத்துக்கு மேல் வகுப்பு | அந்தப் பாடத்தில் உண்டு | நடுத்தரம் | மேல் வகுப்பின் மொழியைப் பொறுத்தது | ஓராண்டுக்குள் எளிது |
| ஒரு வகுப்பு தாண்டுவது | சில மாதங்களுக்கு | குறைவு | பாதிப்பில்லை | மிகக் கடினம் |
| உதவித்தொகைத் தேர்வுப் பயிற்சி | பாதி | நடுத்தரம் | பாதிப்பில்லை | எளிது |
| வேறு பள்ளி | பள்ளியைப் பொறுத்தது | நமக்கு ஏதுமில்லை | குறையும் | கடினம் |

குட்டி ஆசிரியராக்குவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். 'நீ முடித்துவிட்டாயா? போய் இவனுக்குச் சொல்லிக்கொடு.' செலவு இல்லை, வகுப்பும் அமைதியாகிவிடும். பிள்ளைக்குக் கொஞ்சம் பெருமை.

வாரத்தில் ஒருநாள் என்றால் நல்லதுதான். பிறருக்கு விளக்கும்போது தன் புரிதலில் உள்ள ஓட்டை தெரியும். தினசரி வழக்கமானால் கெட்டுப்போகிறது. வேகமான பிள்ளைகளில் பலருக்குச் சொல்லிக்கொடுக்க வராது. இடையில் உள்ள படிகளைத் தாண்டித்தானே அது விடைக்கு வந்தது! 'எப்படி வந்தது?' என்று கேட்ட தோழியிடம் ஒரு சிறுமி, 'அப்படித்தான் வரும்' என்று சொல்லிவிட்டு விடையை அவள் நோட்டில் தானே எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். தோழி எதுவும் கற்கவில்லை. சிறுமியும் கற்கவில்லை. நான் மட்டும் பதினைந்து நிமிடம் நிம்மதியாக விடைத்தாள் திருத்தினேன். இதில் யாருக்கு லாபம் என்று பார்த்தால் இந்த வழி ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது விளங்கும்.

பெண் பிள்ளைகளை இந்த வேலைக்கு அதிகம் இழுக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கையெழுத்து நன்றாக இருந்தால் ரெஜிஸ்டர் எழுதுவது, கரும்பலகையில் எழுதுவது, சின்ன வகுப்பைப் பார்த்துக்கொள்வது என்று அடுக்கடுக்காக அவர்கள் தலையில் ஏறும். ஆண்டு இறுதியில் 'பொறுப்பான பெண்' என்று பாராட்டு கிடைக்கும். கணக்கில் அவள் ஜூன் மாதம் நின்ற இடத்திலேயே நிற்பாள்.

பாடத்தைச் சுருக்கி, மிச்ச நேரத்தில் ஆழமான வேலை

என் வாக்கு இதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செய்முறை எளிது. அத்தியாயம் தொடங்கும் அன்றே, அதன் கடைசியில் உள்ள கடினமான ஐந்து கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிவிடுவது. யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். நான்கு சரியாக வந்தால் அந்த அத்தியாயத்தின் பயிற்சிக் கணக்குகள் தள்ளுபடி. புதிய கருத்து வரும் நாளில் மட்டும் எல்லோரோடும் உட்கார வேண்டும். 'யார் வேண்டுமானாலும்' என்பது முக்கியம். யார் மீத்திறன் என்று நான் முன்கூட்டியே முத்திரை குத்தவில்லை. பின்னத்தில் ஒருவர் தேறுவார், வடிவியலில் வேறொருவர் தேறுவார். நான் எதிர்பார்க்காத பிள்ளை கை தூக்கிய நாட்களும் உண்டு.

அமெரிக்காவில் ஜோசப் ரென்சுலியும் லிண்டா ஸ்மித்தும் 1970-களில் இந்த முறைக்கு வடிவம் கொடுத்தார்கள். 1993-இல் சாலி ரீஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழக்கமான பாடத்தில் 40 முதல் 50 விழுக்காட்டை ஆசிரியர்கள் நீக்கியும் தேர்வு மதிப்பெண் குறையவில்லை. பாதிப் பாடம்! அந்தப் பாதியை நம் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துத்தான் கழிக்கிறார்கள்.

மிச்ச நேரத்தில் என்ன கொடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதே மாதிரி இன்னும் இருபது கணக்கு கொடுப்பது தண்டனை. சீக்கிரம் முடித்தால் அதிக வேலை என்று தெரிந்த பிள்ளை மறுநாளே மெதுவாகப் போடக் கற்றுக்கொள்ளும். கொடுக்கும் கேள்வி வகுப்பு நடத்தும் பாடத்திலேயே இருக்க வேண்டும், கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும்.

பின்னம் நடக்கும்போது நான் கொடுத்தது இது. அரை, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று மூன்றையும் கூட்டினால் சரியாக ஒன்று வரும். இதைப்போல, மேலே ஒன்று என்ற எண்ணே உள்ள, ஒன்றுக்கொன்று வேறான நான்கு பின்னங்களைக் கூட்டி ஒன்று வரவழைக்க வேண்டும். எத்தனை விதத்தில் முடியும்? கேள்வியை வாங்கிப் போன பையன் இரண்டே நிமிடத்தில் அரை, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), அரைக்கால் என்று எழுதிக்கொண்டு வந்தான். அரைக்கால் இரண்டு முறை வந்திருக்கிறதே என்றேன். முகம் சுருங்கியது. அதுவரை அவன் நோட்டில் ரப்பர் தடமே இருந்ததில்லை. அந்தப் பக்கத்தை அழித்து அழித்துக் காகிதமே கிழிந்துவிட்டது. மறுநாள் 'இந்தக் கணக்கு தப்பு டீச்சர்' என்றான். அதற்கு மறுநாள் 2, 4, 6, 12 என்று கீழெண்களைப் பிடித்துவிட்டான். பிறகு 2, 3, 7, 42 என்றான். மொத்தம் ஆறு விதம் உண்டு. ஆறும் கிடைக்க ஓணத் தேர்வு (முதல் பருவத் தேர்வு) வந்துவிட்டது.

இடையில் நம் பழைய பின்ன வாய்பாட்டை அவனிடம் கொடுத்தேன். மா என்றால் இருபதில் ஒன்று. நாலுமா என்றால் ஐந்தில் ஒன்று. அதை வைத்துக்கொண்டு அவன் கண்டுபிடித்தது: அரையும் காலும் நாலுமாவும் ஒருமாவும் சேர்ந்தால் ஒன்று. வகுப்பே அதைப் பாட்டாகச் சொல்லித் திரிந்தது. ஒரு பையனுக்குக் கொடுத்த வேலை மற்றவர்களுக்கும் சிந்தியது என்பது இந்த முறையின் ஓர் உபரி வரவு.

எல்லையில் இருப்பதால் நமக்கு இன்னொரு வசதி. பொள்ளாச்சியில் அத்தை மகனோ சித்தப்பா மகளோ படிக்காத வீடு இந்தப் பக்கம் குறைவு. அவர்களுடைய தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தை வாங்கிவரச் சொல்லி, ஒரே அத்தியாயம் இரண்டு புத்தகத்திலும் எப்படி நடக்கிறது, எதில் எது விட்டுப்போயிருக்கிறது என்று எழுதச் சொல்லலாம். தண்ணீரும் இருக்கிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு சித்தூர்ப் புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) விட வேண்டும். வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் ஆண்டுதோறும் சண்டை போடும் அந்த எண் லிட்டரில் எவ்வளவு? சுமார் 20,530 கோடி லிட்டர். ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பரப்பினால் எத்தனை சதுர கிலோமீட்டர்? சுமார் 205. கன அடியிலிருந்து லிட்டருக்கும், அதிலிருந்து பரப்புக்கும் போகும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மூச்சு முட்டும். முட்டட்டும்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். நல்ல கேள்வி தேட வாரத்துக்கு ஒரு மாலையாவது போகும். பிள்ளை எழுதியதை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் இரண்டே வாரத்தில் விஷயம் நீர்த்துப்போகும். பின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து வேறு வேலை செய்யும் பிள்ளைக்குத் தனிமை உண்டு, அதனால் இருவராவது சேர்வது நல்லது. 'மற்றவர்கள் நோட்டு நிறைந்திருக்கிறது, என் மகன் நோட்டில் கால்வாய்ப் படம் இருக்கிறது' என்று பி.டி.ஏ. கூட்டத்தில் ஒரு தாய் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஆசிரியர் மாறினால் இந்த ஏற்பாடு அவரோடு போய்விடும். கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி அடுத்தவரிடம் ஒப்படைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து தெரியவில்லை.

ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் பீரியட்டுக்கு மட்டும் ஏழாம் வகுப்பில் போய் உட்கார்வது. ஒரே பாடத்தில் இரண்டு ஆண்டு முன்னே நிற்கும் பிள்ளைக்கு மேலே சொன்ன முறை போதாது. அதற்கு இதுவே சரி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971-இல் தொடங்கிய திட்டத்தின் அடிப்படையும் இதுதான். வயது என்ன என்று கேட்காமல், என்ன தெரியும் என்று பார்த்துக் கணிதத்தை வைத்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுத் தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

நம் பள்ளிகளில் முதல் முட்டுக்கட்டை கட்டடம். எல்.பி. பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. அங்கே நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை அனுப்ப மேல் வகுப்பே கிடையாது. ஏழில் இருப்பவருக்கும் அதே கதை. எட்டாம் வகுப்பு உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறது. இரண்டாவது, கால அட்டவணை. இரண்டு வகுப்பின் கணக்குப் பீரியட்டும் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஜூன் மாதம் அட்டவணை போடும்போதே ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டால் நடக்கும், ஆகஸ்டில் சொன்னால் நடக்காது. மூன்றாவது, மேல் வகுப்பில் தமிழ் டிவிஷன் இல்லாமல் மலையாள டிவிஷன் மட்டும் இருக்கலாம். கணக்குக்கு அது பெரிய தடையில்லை. எண்களும் படங்களும் கைகொடுக்கும், பிள்ளைக்கு மலையாளமும் சேர்ந்து வரும். சமூக அறிவியலுக்கு இதைச் செய்யவே வேண்டாம்.

பெரிதாக யாரும் யோசிக்காத செலவு ஒன்று உண்டு. ஐந்தில் ஏழாம் வகுப்புக் கணக்கை முடித்த பிள்ளை, ஏழுக்கு வரும்போது என்ன படிக்கும்? அடுத்த இரண்டு ஆண்டுக்கு வழி தெரியாமல் இதைத் தொடங்கினால், பிள்ளையை மாடிக்கு ஏற்றிவிட்டு ஏணியை எடுத்தது போலாகும். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஒரு வகுப்பு தாண்டுவது

பெற்றோருக்கு இதில்தான் ஆசை அதிகம். ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் இதற்குச் சாதகமாகவே பேசுகின்றன. கவனமாகத் தேர்ந்தெடுத்து வகுப்பு தாண்ட வைத்த பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதில்லை, மனதளவிலும் பெரிய பாதிப்பு இருப்பதில்லை என்பது பல பத்தாண்டு ஆய்வுகளின் போக்கு. ஆனால் அந்த ஊர்களில் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு தொடங்கவில்லை.

நம் ஊரில் இதுவரை ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பதினேழு வயதில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறது. ஒரு வகுப்பு தாண்டினால் பதினாறு. நீட் தேர்வுக்கு, சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் மிச்சம் பிடித்த ஓராண்டைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டி வரலாம். மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயாவின் நுழைவுத் தேர்வுக்கும் வயது வரம்பு இருக்கிறது. வகுப்பு தாண்டிய பிள்ளை அதற்குக் கீழே போய்விடலாம். நான்காம் வகுப்பைத் தாண்டினால் எல்.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வு கிடையாது, ஏழைத் தாண்டினால் யு.எஸ்.எஸ். கிடையாது. தவிர, இது ஹெச்.எம். மேசையோடு முடியும் காரியமும் இல்லை. கல்வி அலுவலகம் வரை ஏறி இறங்க வேண்டும்.

இன்னொன்று. வகுப்பு தாண்டுவது எல்லாப் பாடத்தையும் சேர்த்துத் தாண்டுவது. நாம் பார்க்கும் பிள்ளைகளில் அநேகர் ஒரு பாடத்தில் பறப்பவர்கள், மற்றதில் நடப்பவர்கள். இந்தப் பேச்சு வந்தால் யாராவது ராமானுஜன் பெயரை இழுப்பார்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் அவர் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லலாம். இன்னும் சிக்கலானது, தாண்டிய வகுப்பிலும் ஆறு மாதத்தில் பிள்ளை மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடும். வேகம் அதே வேகம்தான். மறுபடி ஜன்னல்.

எப்போது சரி? எழுத்து, வாசிப்பு, கணக்கு மூன்றிலும் முன்னே நின்று, உடல்வாகும் பேச்சும் பெரிய பிள்ளைகளோடு ஒட்டிப் போகிற, வகுப்பிலேயே வயதில் மூத்த பிள்ளை என்றால் யோசிக்கலாம். பிள்ளைக்கே விருப்பம் இருக்க வேண்டும்.

எல்.எஸ்.எஸ்., யு.எஸ்.எஸ். பயிற்சி

நான்காம், ஏழாம் வகுப்புகளில் வரும் இந்த உதவித்தொகைத் தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம். எட்டாம் வகுப்பில் மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கள் இறக்கும் வீட்டிலும் கடலைக்காட்டுக் கூலி வீட்டிலும் அது சின்னத் தொகை இல்லை.

மீத்திறன் பிள்ளையைக் கற்பிப்பது என்ற கேள்விக்கு இந்தப் பயிற்சி அரை விடைதான். வினா வகையைப் பழகுவதும் நான்கில் ஒன்றை வேகமாகத் தேர்வதும் ஒரு திறமை, அவ்வளவே. பள்ளி வாசலில் பேனர் கட்டும் ஆசையில், தேறக்கூடிய நால்வரை மட்டும் தனியே உட்கார வைத்து மற்ற வகுப்பை விட்டுவிடும் வழக்கமும் பரவுகிறது. இருந்தாலும் ஒரு பெரிய நன்மை உண்டு. 'ஸ்காலர்ஷிப் கிளாஸ்' என்று சொன்னால் எந்த ஹெச்.எம்.மும் மாலையில் அறையைத் திறந்து விடுவார், எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்புவார். அந்த நேரத்தின் பாதியை மேலே சொன்ன ஆழமான கேள்விகளுக்குத் திருடிக்கொள்ளலாம். நான் திருடுகிறேன்.

வேறு பள்ளி

இரண்டு விதம். ஒன்று மலம்புழையில் உள்ள ஜவஹர் நவோதயா. ஆறாம் வகுப்பில் நுழைவு. இரண்டு மணி நேரத்தில் 80 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் பாதி மனத்திறன். ஒரே வாய்ப்புதான், 75 விழுக்காடு இடங்கள் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. தமிழ்நாட்டில் இந்தப் பள்ளியே இல்லை என்பதால், எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதில் நமக்கு வாய்த்த ஒரு லாபம் இது. தங்கிப் படிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பகுதி மாணவர்களை இந்தி பேசும் மாநிலப் பள்ளிக்கு ஓராண்டு அனுப்புகிறார்கள். தன்னைப் போன்ற பிள்ளைகளோடு இருப்பது என்ற ஒன்றை நம் வகுப்பு ஒருபோதும் தர முடியாது, நவோதயா தரும். பதிலுக்குத் தமிழ் போகும். பத்து வயதில் மலையாளம், இந்தி, ஆங்கிலம் மூன்றுக்கும் நடுவே விடுதியில் இருக்கும் பிள்ளைக்குத் தமிழ் என்பது தொலைபேசியில் அம்மாவிடம் பேசும் மொழியாகச் சுருங்கும். வீட்டில் படிக்க இடமில்லை, அமைதி இல்லை என்றால் அந்த விலையையும் கொடுக்கலாம்.

மற்றொன்று எல்லை தாண்டிய தனியார் ஆங்கிலப் பள்ளி. கட்டணமும் வேன் வாடகையும் எல்லோரும் கணக்கிடுவது. கணக்கில் வராதவை வேறு. தனியார் பள்ளிக்குப் போனால் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. வேனில் போகும் நேரம், பிள்ளை தன் இஷ்டத்துக்கு எதையாவது நோண்டிக்கொண்டிருந்த நேரம். அங்கேயும் வேகமான பிள்ளைக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதே பாடம், ஆங்கிலத்தில், அதிக வீட்டுப்பாடத்தோடு. புது மொழியே முதல் ஆண்டு சவாலாக இருப்பதால் 'இப்போதுதான் என் பிள்ளை உழைக்கிறது' என்று பெற்றோர் மகிழ்வார்கள். மொழி பிடிபட்டதும் பழைய சலிப்பு திரும்பும்.

இதில் எனக்குச் சொந்த நலன் உண்டு என்பதையும் வாசிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் ஆறாவது வேலை நாளில் எடுக்கும் தலை எண்ணிக்கையை வைத்துத்தான் டிவிஷனும் ஆசிரியர் பணியிடமும் நிலைக்கின்றன. ஒரு பிள்ளை டி.சி. வாங்கினால் ஒரு தமிழ் டிவிஷன் ஆட்டம் காணும். அதனால் 'இங்கேயே இருக்கட்டும்' என்று எந்தத் தமிழ் ஆசிரியர் சொன்னாலும், நான் உட்பட, 'இருந்தால் வாரத்தில் எத்தனை பீரியட் இவளுக்கு வேறு வேலை கொடுப்பீர்கள்?' என்று திருப்பிக் கேளுங்கள். எண் சொல்ல முடியாதவருக்குப் பிள்ளையை நிறுத்தி வைக்கக் கேட்க உரிமையில்லை.

எந்தப் பிள்ளைக்கு எது

மூன்று, நான்காம் வகுப்பில் எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்னே நிற்கும் பிள்ளைக்குப் பாடச் சுருக்கமும் ஆழமான வேலையும் போதும். ஜூன், ஜூலை இரண்டு மாதம் ஐந்து கணக்கு முறையை நடத்திப் பாருங்கள். ஓணத் தேர்வுக்கு முன் வேறு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

யு.பி. வகுப்பில் (ஐந்து முதல் ஏழு வரை) கணக்கில் மட்டும் இரண்டாண்டு முன்னே என்றால் அந்தப் பாடத்துக்கு மேல் வகுப்பு. தேர்வை மட்டும் சொந்த வகுப்பிலேயே எழுதட்டும்.

மொழியில் பறக்கும் பிள்ளைக்கு நம் வகுப்பில் எதுவும் செய்வதில்லை. எல்லோருக்கும் கணக்குதான் கண்ணில் படுகிறது. அதற்கு மேல் வகுப்பு தேவையில்லை, நூலக அலமாரியின் சாவி போதும். பெரும்பாலான பள்ளிகளில் அந்தச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கேட்டு வாங்குங்கள்.

ஆசிரியர் அடிக்கடி மாறும் பள்ளி, ஏற்பாடு எதுவும் நிற்காது என்றால் உதவித்தொகைப் பயிற்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஆளை நம்பி இல்லாமல் தேர்வுத் தேதியை நம்பி நடக்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோர் நவோதயாவை நினைத்திருந்தால், விண்ணப்பம் பள்ளி ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே இணையத்தில் திறந்து மூடிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஹெச்.எம். கையெழுத்திட்ட சான்றிதழும் அதோடு சேர்க்க வேண்டும். இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்; பிறகு அந்தக் கதவு ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளில், காலியாகும் சில இடங்களுக்கு மட்டும்தான் திறக்கும். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருக்கலாம், விண்ணப்பிக்காமல் போக முடியாது.